கோட்டின் கைக்குள் மடித்த துணி

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் கோட்டு ஒருமுறை முழுவதும் பிரித்துத் திரும்பத் தைக்கப்பட்டிருக்கிறது. இதை நேற்று உறுதி செய்தவர், எங்கள் பட்டறையில் கோட்டு மட்டுமே தைக்கிற மாஸ்டர்.

முதல் வரியில் செய்தி, இரண்டாவது வரியில் சொன்னது யார். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பத்திரிகை ஆபீசில் எல்லாரையும் அப்படி எழுதச் சொல்லி விரட்டிய மகானுக்கு இப்போது திருப்திதானே? நீ நலமா? அப்பாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எனக்குக் கழுத்து வலி தவிர வேறு குறை இல்லை.

டிசம்பர் கண்காட்சியில் எனக்கு ஒரு முழுச் சுவர் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் வேலை அங்கி, உன் பள்ளிச் சட்டை, என் சின்ன வயதுக் கவுன், நடுவில் அப்பாவின் கோட்டு. தையலைப் பிரித்து, துண்டுகளை நில வரைபடம் மாதிரி விரித்து மாட்டப் போகிறேன். 'அப்பாவின் அளவு' என்று பெயர். எனக்கும் அவருக்கும் வலது தோள் தாழ்ந்திருக்கும். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் நான் யார் மகள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

கப்பல் வேலைக்குப் போனபோது போட்டுக்கொண்டு போனது, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது போட்டுக்கொண்டு வந்தது. நம் வீட்டில் அதைவிடப் பழைய கதை கிடையாது. அதை அம்மா எப்போது பிரித்தாள், எதற்கு? அப்பாவைக் கேட்டு எழுது. போனில் பேசினால் அவர் உன் தோளில் ஏறி உட்கார்ந்து கேட்பார், அதனால்தான் கடிதம்.

உன் தங்கை


மே 24

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, கண்தான் இன்னும் மங்கிவிட்டது. உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "என் கோட்டப் பிரிச்சு செவுத்துல அறையப் போறாளா? என்னையும் சேத்து அறையச் சொல்லு" என்று சிரித்தார். பிறகு, "குளிருக்கு முன்ன குடுத்துடச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா அவளுக்கு?" என்று கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார்.

உன் கேள்விக்குப் பதில் எளிது. கப்பலில் நோய் கண்டு அவர் இளைத்துப் போய்த் திரும்பினார். நாம் இந்தத் தெருவுக்குக் குடிவந்த மாதம் அது. எனக்கு ஆறு வயது, நீ பிறக்கவில்லை, வாசலில் நின்று பார்த்தேன். கோட்டு தொளதொளவென்று இருந்ததால் அம்மா பிடித்துத் தைத்திருப்பாள். ஆல்ட்ரேஷன் கடையில் வேலை செய்தவள் வேறு யாரிடம் கொடுப்பாள்? இதில் செய்தி எதுவும் இல்லை.

சாப்பாட்டு வேளை தவறாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒத்தடம் பலித்தது. இனிமேல் எழுதுவதை அப்பாவுக்குப் படிக்காதே.

இளைத்தால் இடுப்பு சுருங்கும், மார்பு சுருங்கும். கை குட்டையாகுமா? இரண்டு கையிலும் நான்கு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடித்திருக்கிறது. மடிப்புக்குள் துணி அடர்ந்த பழுப்பில் புதிதாக இருக்கிறது. வெளியே வெயில் பட்டு வெளுத்த நிறம்தான் நமக்குத் தெரிந்த நிறம். வலது தோளில் மட்டும் கூடுதலாக ஒரு பஞ்சு வைத்திருக்கிறாள். கோட்டு வெட்டப்பட்டபோது இரண்டு தோளும் சமமாகத்தான் இருந்திருக்கின்றன. தாழ்ந்த தோளை மறைக்கத்தான் அந்தப் பஞ்சு.

இன்னொன்று. நம் துணிகளை அம்மா எப்படித் திருத்துவாள்? அதிகப்படித் துணியைக் கத்தரியால் 'சரக்'கென்று வெட்டி எறிவாள். வாடிக்கையாளர் துணியை மட்டும் வெட்டமாட்டாள். "அடுத்தவங்க துணி. நாளைக்கே திருப்பிக் கேட்டா?" என்று மடித்து உள்ளே வைப்பாள். உன் கால்சட்டை, என் கவுன், அவளுடைய சொந்த அங்கி எல்லாம் வெட்டியிருக்கிறது. இந்தக் கோட்டில் ஒரு நூலைக்கூட அவள் வெட்டவில்லை. மடித்து வைத்திருக்கிறாள்.

யாருடைய துணி என்று நினைத்தாள், அண்ணா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. கூரையில் ஒழுகல், தச்சர் வந்து போனார். அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நீ சுகமா?

படிக்காதே என்றாய். ஆனால் தபால்காரர் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். மூக்கின் அருகே வைத்து முகர்ந்துவிட்டு, "என் பொண்ணுதான், படி" என்றார். பொருத்தமான இடங்களை மட்டும் படித்தேன். "நடுவுல எதையோ முழுங்கிட்டே" என்றார். இல்லை என்றேன். "நீ முழுங்குறப்ப உன் குரல் நல்லா இருக்கும். எப்பவுமே அப்படித்தான்" என்றார். பிறகு எழுந்துபோய் வாசல் பக்கத்து ஆணியைத் தடவிப் பார்த்தார். கோட்டு மாட்டுகிற ஆணி.

அம்மாவின் வேலைப் பழக்கத்தை வைத்து நீ ரொம்பத் தூரம் போகிறாய் என்று நினைக்கிறேன். நல்ல கம்பளி, வெட்ட மனம் வராமல் மடித்திருப்பாள். அவள் அந்தக் கோட்டை மிஷினில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொத்தான் வாங்கிவர என்னைத்தான் அனுப்பினாள். புதுத் தெரு, வழி தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன். அப்பா வந்திருந்தால் அவர் போயிருப்பார், நான் அலைந்திருக்க மாட்டேன்.

அம்மாவின் அங்கியையே நடுவில் வைத்துக்கொள்ளேன். சுவர் நிறைந்துவிடும்.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் காய்ச்சல் முழுவதும் விட்டதா? அதை முதலில் எழுது.

'அப்பா வந்திருந்தால்' என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவர் வருவதற்கு முன்பே கோட்டு வீட்டில் மிஷின் மேல் இருந்திருக்கிறது. வந்தபோது அதைப் போட்டுக்கொண்டு வந்தார் என்று நீயும் அம்மாவும்தான் எனக்குச் சொன்னீர்கள். இரண்டில் எது?

கோபத்தில் கேட்கவில்லை. உனக்குச் சட்டை தைக்கிறவள் நான். கடைச் சட்டை எதுவும் உனக்குக் கை எட்டாது என்பதால்தானே வருஷா வருஷம் அளவு எடுத்து அனுப்புகிறாய்? போன வாரம் கோட்டின் மடிப்பை எல்லாம் பிரித்து இறக்கினேன். தோள் பஞ்சை எடுத்தேன். உன் அளவுக்கு நிறுத்தி வைத்திருக்கிற தையல் பொம்மையின் மேல் மாட்டினேன்.

எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது.

பட்டறை மாஸ்டர் அந்தப் பக்கமாகப் போனவர், "உங்க அண்ணனுக்குத் தெச்சதா? பிரமாதம்" என்றார். நான் பொம்மையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது.

பதில் போடு.

தங்கை


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் வரவில்லை. நலமென்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் "எல்லாம் சௌக்கியம்" என்று நீ சொன்னபோது உன் குரல் நன்றாக இருந்தது. அப்பா சொன்னது ஞாபகம் வந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கை மடிப்பில் ஊசித் துளைகள் ஒரு வரிசையில் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி சல்லடையாக இருக்கின்றன. அந்த மடிப்பைத் திரும்பத் திரும்பப் பிரித்து இறக்கி, பிறகு திரும்ப மடித்துத் தைத்திருக்கிறார்கள். குளிர் தொடங்கும்போது அம்மா கோட்டை நீராவி போட வேண்டுமென்று கடைக்கு எடுத்துப் போவாளே, ஒரு வாரம் கழித்துத்தானே வரும்? அந்த வாரம் பார்த்து அப்பா சளி பிடித்து வீட்டோடு இருப்பார். கேலி செய்வோமே.

சரி, அது அம்மா. ஆனால் நான் ஜூலையில் பிரித்த தையல் அம்மாவுடையது இல்லை. பழுப்புக் கம்பளியில் கருப்பு நூல். ஒரு தையல் நெல் நீளம், அடுத்தது விரல் நீளம். அம்மா காலமான பிறகு யாரோ தைத்திருக்கிறார்கள். நீயா?

காலருக்கு உள்ளே ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான நரைமுடி. அப்பாவின் தலை வழுக்கையாகிப் பல வருஷம் ஆகிறது. உனக்கும் அந்தக் கவலை தீர்ந்துவிட்டது.

தங்கை


செப்டம்பர் 16

அன்புத் தங்கைக்கு,

சுகம். அப்பாவும் சுகம்.

தைத்தது நான் இல்லை. ஆனால் குளிர் தொடங்கும்போது அப்பா என்னிடம் ஊசியும் நூலும் கொண்டுவருவார். "பொத்தான் தைக்கணும், கோத்துக் குடு" என்பார். நூல் கருப்பா பழுப்பா என்று அவருக்குத் தெரியாது. நான் கோத்துக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். எந்தப் பொத்தான் என்று கேட்டதில்லை.

வேறொன்று சொல்கிறேன். இதற்குச் சாட்சி நான் ஒருவன்தான், அதுவும் எட்டு வயதுச் சாட்சி. பள்ளி விட்டு வெளியே வந்தால் எதிர்ப் பக்கத்தில் அப்பாவின் கோட்டு போய்க்கொண்டிருக்கும். முதுகு மட்டும் தெரியும். "அப்பா!" என்று கத்துவேன். திரும்பாது. வீட்டுக்கு ஓடிவந்தால் அப்பா வெறும் சட்டையோடு அடுப்பருகே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். "ஏன்டா இப்படி ஓடி வர்றே, நாய் துரத்துதா?" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும். அப்பாவால் இரண்டு இடத்தில் இருக்க முடியும் என்று கொஞ்ச காலம் நம்பினேன். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டேன். பள்ளியின் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தேன்.

அந்தக் கோட்டைச் சுவரில் மாட்டாதே. மாட்டினால் படம் பத்திரிகையில் வரும், வரவைப்பதற்கு ஆட்களை எனக்கே தெரியும். கை இறக்கிய கோட்டைத் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். இந்த வயதில் அப்பாவை வாசலில் நிறுத்தி 'நீங்கள் யார்' என்று கேட்கவைக்காதே.

அண்ணன்


அக்டோபர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் சரியில்லை. நீ தூங்குகிறாயா?

கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாள் தினமும் வந்து நிற்கிறார். "நடு எடத்துல என்னதான் வரப்போகுது? வெறுமனே விட்டா வெள்ளையடிக்க மறந்துட்டோம்னு நினைப்பாங்க." நவம்பர் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

மாட்டமாட்டேன் என்று இப்போதே சொல்லத் தயார். ஆனால் ஒன்று. அந்தத் தோள் பஞ்சைப் பிரித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தாழ்ந்த தோள் அவருடையது, என்னுடையது. நான் அவர் மகள். அந்த நிம்மதி வந்த மறுநிமிஷம் பொம்மை மேல் உன் அளவு நின்றது. என் இடம் உறுதியாகிற அதே தையலில் உன் இடம் பிரிந்துபோகிறது. நான் பாட்டுக்கு அந்தத் தையலைச் சிவப்பு நூலால் எடுத்துக்காட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு வரமுடியுமா?

ஊர் முழுக்கக் கேள்வி கேட்டவன் நீ. அவர் அடுத்த அறையில்தான் இருக்கிறார். நீ கேட்டு எழுது. அதுவரை கோட்டு பெட்டிக்குள் இருக்கும்.

தங்கை


நவம்பர் 4

அன்புத் தங்கைக்கு,

கேட்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, கோட்டு யாருது?"

"அவருது."

"அவர்னா?"

"உன்னைப் பெத்தவர். பேர் கேக்காத. அந்தப் பேரத்தான் நான் வெச்சிருக்கேன்."

"எதுக்குப் போனார்?"

"போகணும்னு அவர் சொன்னார், கோட்ட இங்கயே விட்டுட்டார். இருக்கணும்னு உங்கம்மா என்னைச் சொன்னா. அதுக்கு மேல அவங்க ரெண்டு பேர் விஷயம்."

"இப்ப எங்க இருக்கார்?"

"தெரியாது. வருஷத்துக்கு ஒரு வாரம் கோட்டு அவருது. உன்னைத் தூரத்துல இருந்து பாத்துக்கலாம், நீ கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. அதான் பேச்சு. வேற கோட்டுல வந்தா யாரோன்னு நீ பயப்படுவேன்னு இதக் குடுத்தா உங்கம்மா."

"அம்மா போன பிறகு?"

"கையை எறக்கி நான் மாட்டி வெப்பேன். சாயங்காலம் வாசல் ஆணில. விளக்குப் போட்டுட்டு வந்து பாத்தா இருக்காது. ஒரு வாரம் கழிச்சுத் தொங்கும். மறுபடி மடிச்சுப்பேன்."

"அவரைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்தா நல்லா இருக்காதுன்னு உள்ள உக்காந்துப்பேன்." பிறகு கேட்டார். "ஊரையே கேள்வி கேட்டவன், இத்தனை வருஷம் என்னை ஏன்டா கேக்கலை?"

கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒருவர் சொன்னது. இன்னொருவர் சொல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பியவன் இல்லை நான். அவர் சொல்லி முடித்தது இது: "கையை எறக்கி சீக்கிரம் அனுப்பச் சொல்லு அவளை. குளிர் வந்துருச்சு."

அண்ணன்


நவம்பர் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோட்டை இன்று பார்சலில் அனுப்பிவிட்டேன். கை இறக்கியிருக்கிறது, பஞ்சை எடுத்துவிட்டேன், பிரித்த மற்ற தையலையெல்லாம் அம்மா போட்ட துளைகளிலேயே திரும்பப் போட்டேன். உள் துணி இரண்டு இடத்தில் நைந்திருந்தது, மாற்றினேன். யார் போட்டுக்கொண்டாலும் குளிராது.

அனுப்பும்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஜூலையில் மடிப்பைப் பிரித்தபோது உள்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷ மடிப்பில் பஞ்சும் தூசும் ஒரு கைப்பிடி இருக்கவேண்டும். ஒன்றும் இல்லை. யாரோ அதைத் துடைத்து வைக்கிறார்கள். அப்பாவா, அவரா என்று தெரியவில்லை.

பொறுப்பாளர் அம்மாளிடம் நடு இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். "காலியாவா?" என்றார். கோட்டு திரும்பினால் மாட்டலாம், திரும்பாவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்றேன். திரும்பி வந்தாலும் மாட்டுவதா இல்லையா என்று நீ சொல். இனி அது என் சுவர் மட்டும் இல்லை.

அப்பாவுக்கு இந்தக் கடிதத்தை முழுதாகப் படி. நான் அவர் தோள் என்று சொன்னதாகச் சொல்.

தங்கை


நவம்பர் 25

அன்புத் தங்கைக்கு,

கோட்டு எடுக்கப்பட்டுவிட்டது. இதை உறுதி செய்பவர்கள் நானும் அப்பாவும்.

அப்பா சுகம். உன் கடிதத்தை முழுதாகப் படித்தேன். தோளைத் தடவிக்கொண்டார். "அந்தக் கழுதைக்கும் வலிக்குதாமா?" என்று கேட்டார்.

நேற்று மாலை அவரே கோட்டை ஆணியில் மாட்டினார். நான் வாசலில் உட்காரப் போனேன். விடவில்லை. பின்னறைக்குக் கூப்பிட்டு நாளிதழைப் படிக்கச் சொன்னார். "சத்தமாப் படி. இன்னும் சத்தமா." வானிலை, விளையாட்டு, வேலைவாய்ப்பு விளம்பரம் வரை படித்தேன். கதவுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, நடுவில் ஒருமுறை கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, "ம், படி" என்றார். விளக்குப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஆணி மட்டும் இருந்தது.

நீ கேட்பதற்கு முன் சொல்கிறேன், இன்னொருவர் சொன்னதும் கிடைத்துவிட்டது. இன்று காலை என் பழைய பள்ளிக்குப் போனேன். வாசல் காவலாளி சொன்னார்: "வருஷா வருஷம் குளிருக்கு ஒரு பெரியவர் வருவாருங்க. கோட்டு போட்டுக்கிட்டு எதிர்ப் பக்கம் நிப்பார். எந்தப் பையனுக்குன்னு கேட்டா, 'இப்ப வந்துருவான்'ம்பார். எல்லாப் பிள்ளைங்களும் போனப்புறம் போயிருவார்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "பள்ளிக்கூடம்னு உங்கம்மா சொன்னதோட சரி. நீ பெரியவனாயிட்டேன்னு அவர்கிட்ட யாரும் சொல்லலை போல" என்றார். பிறகு, "பேச்சு உங்கம்மாவோட. அவ போயிட்டா. நீ முன்னால போய் நின்னு கூப்பிடு. முதுகுக்குப் பின்னாடி கத்தாத, வயசானவர். அப்பான்னு கூப்பிட்டா நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார்.

உறுதியாகாதவை: எடுத்தது யார் என்பதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வழக்கப்படி அடுத்த திங்கட்கிழமை கோட்டு ஆணிக்குத் திரும்ப வேண்டும். சுவரைப் பற்றி அதன் பிறகு சொல்கிறேன்.

எப்போதும் புதன்கிழமைதான் பள்ளி வாசலுக்கு வருவார் என்கிறார் காவலாளி. அது நாளை. பள்ளி நாலு மணிக்கு விடும். அவரை என்னவென்று கூப்பிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. நாலு மணிக்குள் முடிவாக வேண்டும்.

அண்ணன்